வாசிச்சது யாரு சார்?

இந்த வருஷம் போனஸ் வரவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஓர் ஆறுதல் செய்தி. 1963-ல் பீட்டில்ஸ் பாட்டுக்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினுக்கும் போனஸ் வரவில்லை.

தமாஷ் இல்லை, நிஜம். மார்ட்டின் அப்போது லண்டனில் இ.எம்.ஐ.யில் சம்பளத்துக்கு இருந்தவர். (இ.எம்.ஐ. என்றதும் பதறிப்போய் பாங்க் பாஸ்புக்கைத் தேடாதீர்கள். இது கடன் தவணை இல்லை, இசைத்தட்டுக் கம்பெனி.) அதில் பார்லஃபோன் என்கிற சின்னப் பிரிவுக்கு அவர் தலைவர். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவர் தயாரித்த இசைத்தட்டுக்கள் பிரிட்டனில் 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தன. கம்பெனிக்குப் பணம் கொட்டு கொட்டென்று கொட்டியது. மார்ட்டினின் சம்பளம்? வருஷத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு. விற்கிற தட்டில் தம்படி பங்கு கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தது. ஊழியர்களுக்கெல்லாம் போனஸ். இவருக்கு மட்டும், 'இவ்வளவு சம்பளம் வாங்கறவங்களுக்கு போனஸ் கிடையாது சார்' என்று கைவிரித்துவிட்டார்கள். அவரே தன் புத்தகத்தில் எழுதிச் சிரித்திருக்கிறார். வயிறு எரிந்துகொண்டேதான் சிரித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

1965-ல் மனுஷர் வேலையை உதறிவிட்டு, கூட இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். பீட்டில்ஸோ 'எங்களுக்கு அவர்தான் வேணும்' என்றார்கள். வேறு வழியில்லாமல் இ.எம்.ஐ. அவரையே வெளியாளாகக் கூப்பிட்டது. இந்தத் தடவை ராயல்டியோடு! வேலையை விட்டுப் போனவரை மறுமாசமே 'கன்சல்டன்ட்' என்று சிவப்புக் கம்பளம் விரித்துக் கூப்பிடுவது நம்ம ஊர் ஆபீஸ்களில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைத்திருந்தவர்கள் கவனிக்க.

இதையெல்லாம் ஏன் தோண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், எனக்கு ஒரு வியாதி. நான் கேசட் காலத்து ஆசாமி. எண்பதுகளில் வெறும் கேசட் ஒன்றை வாங்கி, ஒரு பேப்பரில் பாட்டுக்களின் லிஸ்ட் எழுதி, ரிக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு ரெண்டு நாள் அலைவோம். திரும்பி வரும்போது உள்ளே இருக்கிற அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எழுதியிருக்கும். அவ்வளவுதான். கிடார் வாசித்தது யார், டிரம்ஸ் தட்டியது யார் என்றெல்லாம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆனால் எனக்குப் பிடித்ததெல்லாம் அந்த இடங்கள்தான். பாடகர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி வருகிற நாலு விநாடி. நடுவில் சட்டென்று நுழைந்து ஆளை அடிக்கிற ஓர் ஆர்கன். கீழே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிற பேஸ் கிடார். இங்கிலீஷ் பாட்டில் வார்த்தை பாதி புரியாது, அதனால் காது வேறே இடத்துக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'இதை வாசிச்சது யாரு?' என்கிற கேள்வி அப்போது பிடித்தது. இன்றைக்குக் கையிலிருக்கிற போனில் தட்டினால் பல பாட்டுக்களுக்குப் பெயர் வந்துவிடுகிறது. பெயர் வந்ததும் அந்த ஆளின் கதையைத் தேடுவேன். தேடத் தேடத்தான் தெரிகிறது... அந்தப் பாட்டுக்களுக்குள்ளேயும் ஓர் ஆபீஸ் இருக்கிறது. அட்டென்டென்ஸ், ஓவர்டைம், மேனேஜர், கூலி எல்லாம் உண்டு.

ஆபீஸ் என்று சும்மா சொல்லவில்லை. அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் இஞ்சினியர்கள் டை கட்டிக்கொண்டுதான் வருவார்கள். கருவிகளைத் தூக்கி வைக்கிறவர்களுக்குப் பழுப்புக் கோட்டு. வேலை நேரம் மூன்று மூன்று மணி நேரமாக வெட்டி வைத்திருக்கும். காலையில் ஒரு செஷன், மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. கோடம்பாக்கத்தில் 'கால்ஷீட்' என்பார்களே, அதே கதை. கூலி செஷனுக்கு இவ்வளவு என்று சங்கம் நிர்ணயித்த ரேட்.

1963 பிப்ரவரி 11. பீட்டில்ஸ் நாலு பேரும் காலை பத்து மணிக்கு உள்ளே போனார்கள். முதல் ஆல்பத்துக்குப் பாக்கியிருந்த பத்துப் பாட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். ஆளுக்கு, செஷனுக்கு ஏழரைப் பவுண்டு. மத்தியானம் ஸ்டூடியோக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இந்தப் பையன்கள் போகவில்லை, பாலைக் குடித்துவிட்டு அங்கேயே பிராக்டீஸ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜான் லென்னனுக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். இருமல் மிட்டாயைச் சப்பிச் சப்பிப் பாடினார். ராத்திரி பத்து தாண்டியாயிற்று. ஒரே ஒரு பாட்டு பாக்கி, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. தொண்டையைக் கிழிக்கிற பாட்டு என்பதால் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார் மார்ட்டின். சட்டையைக் கழற்றிவிட்டு லென்னன் பாடினார். முதல் தடவையே ஓகே. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். குரலே வரவில்லை! நாம் இன்றைக்கும் கேட்கிற அந்தக் கரகரப்பு, ஸ்டைல் பண்ணினதில்லை. பன்னிரண்டு மணி நேரம் டூட்டி பார்த்த தொண்டை.

அப்போது அவர்களுடைய ஒப்பந்தம் என்ன தெரியுமா? ஒரு இசைத்தட்டு விற்றால் ஒரு பென்னி. அந்த ஒரு பென்னியையும் நாலு பேரும் மேனேஜரும் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அட்டையில் அவர்கள் மூஞ்சி இருந்தது, பெயர் இருந்தது. பின்னாளில் கோடி கோடியாக வந்தது. அதனால் அவர்களுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை.

மூஞ்சியும் பெயரும் இல்லாதவர்கள் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஜாலியான கதை. 1965 ஜூன் 16, நியூயார்க், கொலம்பியா ஸ்டூடியோ. பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவு பண்ணுகிறார். அல் கூப்பர் என்று 21 வயசுப் பையன். தயாரிப்பாளருக்குத் தெரிந்தவன், வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார். பையன் விவரமானவன். கிடாரையும் தூக்கிக்கொண்டு முன்னாடியே போய், வாத்தியக்காரர்களோடு வாத்தியக்காரனாக உட்கார்ந்துவிட்டான். அப்போது மழையில் நனைந்த கிடாரோடு மைக் ப்ளூம்ஃபீல்டு என்கிற ஆள் உள்ளே வந்து, துடைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ரெண்டு நிமிஷம் கேட்டான் பையன். தன் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு இஞ்சினியர் அறைக்குப் போய்விட்டான். தன் லெவல் என்னவென்று தெரிந்த பிள்ளை!

கொஞ்ச நேரத்தில் ஆர்கன் வாசித்தவரை பியானோவுக்கு மாற்றினார்கள். ஆர்கன் காலி. கூப்பர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. அந்த ஹாம்மண்ட் ஆர்கனை யாரோ அணைக்காமல் விட்டிருந்ததால்தான் பிழைத்தேன், ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எந்தச் சுருதிக்குப் போகிறார்கள் என்று காதால் கேட்டுவிட்டு, ஒரு துளி பின்தங்கி வாசித்தான். போட்டுக் கேட்டபோது டிலன், 'ஆர்கனைக் கூட்டுங்க' என்றார். 'அவன் ஆர்கன்காரனே இல்லைப்பா' என்றார் தயாரிப்பாளர். டிலன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் ஒரு சின்னத் தயக்கத்தோடு பின்னாலேயே வருகிற ஆர்கன் இருக்கிறதே, அந்தத் தயக்கம்தான் அழகே. இன்டர்வியூவுக்கே கூப்பிடாத ஆள் சீட்டில் போய் உட்கார்ந்து பர்மனென்ட் ஆன கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

இன்னொன்று, சுருக்கமாக. அதே 1965-ல் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்ற பாட்டால் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது பேர்ட்ஸ் குழு. அட்டையில் ஐந்து இளைஞர்கள். அந்தப் பாட்டில் அவர்களில் வாத்தியத்தைத் தொட்டவர் ஒரே ஒருவர், ரோஜர் மெக்குவின். மீதியெல்லாம் லாஸ் ஏஞ்சலீஸில் கூலிக்கு வாசிக்கிற கில்லாடிகள். அவர்களை வைத்து மூன்று மணி நேரத்தில் ரெண்டு பாட்டு முடித்தோம், அடுத்து 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டை எங்கள் குழுவே வாசித்தபோது 77 டேக் ஆயிற்று என்பார் மெக்குவின். அந்தப் பாட்டும் முதலிடத்துக்குப் போனது என்பது வேறு விஷயம்.

இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு ஜாலி இல்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம், கார் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே ஃபோர்டு கம்பெனியின் லிங்கன்-மெர்க்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் பெர்ரி கோர்டி. வெறும் இரும்புச் சட்டமாக ஒரு முனையில் நுழைகிற கார், ஆள் மாற்றி ஆள் கைபட்டு, மறுமுனையில் பளபளவென்று வெளியே வருவதை நாள் பூராவும் பார்த்தவர். பாட்டையும் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று தோன்றியது. 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தார். அதுதான் மோடவுன். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டு தெருவில் ஒரு சாதாரண வீடு. வாசலில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று போர்டு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, பிற்பாடு குட்டிப் பையன் மைக்கேல் ஜாக்சன்... எல்லாரும் அந்த வீட்டின் தயாரிப்பு.

பாடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வாசிக்கிற கோஷ்டி பெரும்பாலும் ஒன்றேதான். பகலில் அந்தக் குட்டி ஸ்டூடியோவில் அடைந்து கிடந்து பாப் பாட்டு, ராத்திரி கிளப்புகளில் தங்கள் ஆசைக்கு ஜாஸ். தங்களை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். பீட்டில்ஸ், பீச் பாய்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், எல்விஸ் பிரெஸ்லி இத்தனை பேருடைய நம்பர் ஒன் பாட்டுக்களையும் கூட்டினாலும் இவர்கள் வாசித்த நம்பர் ஒன் பாட்டுக்கள் அதிகம் என்று அவர்களைப் பற்றி 2002-ல் வந்த டாக்குமென்டரி சொல்கிறது. வருஷக்கணக்காக இசைத்தட்டு அட்டையில் ஒருத்தர் பெயரும் கிடையாது. முதன்முதலாக ஒழுங்காகப் பெயர் போட்டது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். கம்பெனி ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து!

டெம்ப்டேஷன்ஸின் 'மை கேர்ள்' கேட்டிருப்பீர்கள். 1964 கடைசியில் வந்தது. பெயர் தெரியாவிட்டாலும் கேட்டால் 'அட, இதுவா!' என்பீர்கள். முதலில் பேஸ் கிடார் மட்டும் இதயத் துடிப்பு மாதிரி மூன்று முறை மூன்று முறையாகத் தட்டும். அப்புறம் ஒரு கிடார் படியேறுகிற மாதிரி மேலே மேலே போகும். பாடகர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் நாம் காலி. அந்தப் படியேறும் கிடாரை வாசித்தவர் ராபர்ட் வைட்.

அந்த டாக்குமென்டரியில் வருகிற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பல வருஷம் கழித்து ராபர்ட் வைட் லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். சர்வர் ஆர்டர் எடுக்கிறான். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் 'மை கேர்ள்' வருகிறது. அதே கிடார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. சர்வரைப் பார்த்து, 'இதைக் கேக்கறியா தம்பி...' என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு சாப்பாட்டு ஆர்டரைச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர் ஏன் என்று கேட்டதற்கு, 'கிழவன் ஏதோ உளர்றான்னு நினைச்சுப்பான்' என்கிற மாதிரி பதில் சொன்னாராம்.

இந்த இடத்தைப் பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த அந்த ஆறு ஸ்வரம் இவருடைய விரலிலிருந்து வந்தது. அதைப் பக்கத்தில் நிற்கிற ஒரு பையனிடம் சொல்லக் கூச்சம். சொன்னாலும் நிரூபிக்க அட்டையில் பெயர் இல்லை. 1994-ல் வைட் காலமானார். படம் வந்தபோது அவர் இல்லை.

அந்தப் பாட்டின் இதயத் துடிப்பு பேஸ் கிடார் இருக்கிறதே, அது ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் ஒரே ஒரு விரலால், ஆள்காட்டி விரலால், வாசிப்பார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர். கம்பிகளை மாற்றவே மாட்டார், அழுக்கேறினால்தான் நாதம் என்பது அவர் கட்சி. 'வாட்ஸ் கோயிங் ஆன்' பதிவுக்கு மார்வின் கே இவரைக் கிளப்பிலிருந்து தேடிப்பிடித்துக் கூட்டி வந்தாராம். நாற்காலியில் உட்கார முடியாத அளவு போதை. தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டே வாசித்தார் என்கிறார்கள். படுத்துக்கொண்டு வாசித்ததை இன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கவே பேஸ் கிடார் மாணவர்கள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். இதைச் சாக்கு வைத்து நாளைக்கு யாரும் ஆபீஸுக்கு அந்த நிலையில் போகவேண்டாம். ஜேமர்சனின் வாழ்க்கையை அந்தக் குடிதான் தின்றது.

1972-ல் கம்பெனி டெட்ராய்ட்டைக் காலி பண்ணிவிட்டு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டது. வாத்தியக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, இன்றைக்கு ஸ்டூடியோ இல்லையென்று. அவ்வளவுதான் நோட்டீஸ்.

ஜேமர்சனும் பின்னாலேயே லாஸ் ஏஞ்சலீஸ் போய்ப் பார்த்தார், எடுபடவில்லை. 1983 மார்ச்சில் மோடவுனின் இருபத்தைந்தாவது வருஷ விழா. மைக்கேல் ஜாக்சன் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு முதன்முதலாக மூன்வாக் நடந்து காட்டினாரே, அதே விழாதான். வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அந்தக் கூட்டத்தில், மாடியில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார் ஜேமர்சன் என்று அவரைப் பற்றிய புத்தகம் சொல்கிறது. மேடையில் வரிசையாகப் பாடியவர்களின் பாட்டுக்களில் பாதி அவர் விரல் பட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 2-ந் தேதி இறந்துபோனார். வயசு 47. பதினேழு வருஷம் கழித்து, 2000-ல், ராக் அண்ட் ரோல் கௌரவப் பட்டியலில் பின்னணி வாத்தியக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தபோது முதல் ஆண்டிலேயே அவரைச் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் காண்டீனில் வைத்து நான் ஒருநாள் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர். வடையைப் பிட்டுக்கொண்டே, "என்ன சார் இது அநியாயமா இருக்கு?" என்றார். என் பக்கம் பேசுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். "பேசின கூலியைக் கொடுத்தாச்சா இல்லையா? வவுச்சர்ல கையெழுத்துப் போட்டு வாங்கினவர்தானே? அப்புறம் பாட்டு ஓடினா பங்கு கேட்டா எப்படி? ஓடலேன்னா கூலியைத் திருப்பிக் குடுப்பாரா?"

சுலபமாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. அக்கவுன்ட்ஸ்காரர் கேள்வியல்லவா! மோடவுன் அந்தக் காலத்தில் வெளியிட்ட பாட்டுக்களில் ஓடாதவையும் நிறைய உண்டு. ஊற்றிக்கொண்ட பாட்டுக்கும் ராபர்ட் வைட்டுக்குக் கூலி வந்திருக்கும்தான்.

"பணத்தை விடுங்க. பேரு போடறதுக்கு என்ன சார் செலவு?" என்றேன்.

"மை செலவு" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் இதே கேள்வி நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, ரெண்டு தடவையாவது.

1973 ஜனவரி. பிங்க் ஃபிலாய்டு குழு 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு பியானோ இசை இருக்கிறது, அதன்மேல் என்ன போடுவது என்று தெரியவில்லை. ஒரு பாடகியைக் கூப்பிடலாம் என்று இஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் சொன்னார். க்ளேர் டோரி, வயசு 25. சனிக்கிழமை வர முடியாது, சக் பெர்ரி கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தார். ஞாயிறு என்பதால் டபுள் ரேட், 30 பவுண்டு. பாட்டுக்கு வார்த்தை கிடையாது. மெட்டும் கிடையாது. மரணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு ஏதாவது பாடுங்கள் என்கிற மாதிரி சொன்னார்கள். முதலில் 'பேபி, யா' என்று ஏதோ பாடிப் பார்த்தார். அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, நானே ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று முடிவு பண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார், கெஞ்சினார், அழுதார், அடங்கினார். ரெண்டு தடவை முழுசாக. மூன்றாவது தடவை பாதியில், இனிமேல் செய்தால் நடிப்பாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். குழுவினர் முகத்தில் ஒரு ரியாக்‌ஷனும் இல்லை. இதை உபயோகிக்க மாட்டார்கள் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனவர், அப்புறம் கடையில் ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் தன் பெயரைப் பார்த்தார். 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற அந்தப் பாட்டைப் பாடியவர் என்று மட்டும் பெயர், இயற்றியதில் பங்கு இல்லை.

ஆல்பம் நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாகக் கணக்கு. முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு 2004-ல் வழக்குப் போட்டார் டோரி. மெட்டே இல்லாத இடத்தில் மெட்டைக் கொடுத்தவள் நான், அது பாடியதா, இயற்றியதா? இதுதான் கேள்வி. 2005-ல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆயிற்று. எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிற பதிப்புகளில் இயற்றியவர் இடத்தில் ரிச்சர்ட் ரைட்டுக்குப் பக்கத்தில் க்ளேர் டோரி பெயரும் இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு டோரிக்குத்தான்.

ரெண்டாவது வழக்கு, 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்'. 1967-ல் ப்ரோகல் ஹாரம் என்ற குழு வெளியிட்டது. கோவிலில் பாக் வாசிக்கிற மாதிரி ஓர் ஆர்கனோடு ஆரம்பிக்குமே, அது. பாட்டை இயற்றியதாகப் பெயர் ரெண்டு பேருக்கு, கேரி ப்ரூக்கர், கீத் ரீட். ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005-ல், முப்பத்தெட்டு வருஷம் கழித்து, பங்கு கேட்டு வழக்குப் போட்டார். 2006-ல் ஜெயித்தார், இசையில் 40 சதவிகிதம். 2008-ல் அப்பீலில், பெயர் வைத்துக்கொள், இத்தனை லேட்டாக வந்ததற்குப் பணம் கிடையாது என்றார்கள். விடவில்லை மனுஷர். 2009 ஜூலை 30-ந் தேதி பிரபுக்கள் சபை நீதிபதிகள், இந்த மாதிரி உரிமைக்கு லேட் ஃபீஸ் எல்லாம் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிப் பங்கையும் திருப்பிக் கொடுத்தார்கள், 2005 முதல் கணக்குப் போட்டு. அத்தோடு அந்தச் சபை வழக்கு விசாரிப்பதையே நிறுத்திக்கொண்டது, அந்த வேலை புதிய சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. கடையைக் கட்டுகிற நேரத்தில் கடைசியாகத் தீர்த்து வைத்த கணக்குகளில் ஓர் ஆர்கன் கணக்கும் ஒன்று.

நம்ம ஊர் கேசட் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் பெயர் இருக்கும். அந்த ஒற்றைப் புல்லாங்குழல் யார், உருகவைத்த அந்த வயலின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பெரும்பாலும் இருக்காது. கால்ஷீட் முடிந்ததும் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போனவர்கள் அவர்கள். நானும் ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஒரு ஸ்டேட்மென்ட் போட்டேன். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் வேறொருவர் பெயரோடு அது ஹெட் ஆபீஸ் போயிற்று. அது நம்பர் ஒன் ஆகவில்லை என்பதால் வழக்குப் போடவில்லை.

அக்கவுன்ட்ஸ் நண்பருக்குப் பிடிக்கும் என்று கடைசியாக ஹெர்பி ஃபிளவர்ஸ் கதையைச் சொன்னேன். 1972, லண்டன், ட்ரைடன்ட் ஸ்டூடியோ. லூ ரீட் பாடிய 'வாக் ஆன் த வைல்ட் சைட்'. பாட்டில் பெரும்பாலும் ரெண்டு சுருதிதான், சப்பென்று இருந்தது. கூலிக்கு பேஸ் வாசிக்க வந்த ஃபிளவர்ஸ், ஆளுயரத்துக்கு நிற்குமே, அந்த டபுள் பேஸில் வழுக்கிக்கொண்டே இறங்குகிற மாதிரி ஒன்று வாசித்தார். பிறகு, இதன் மேலேயே பேஸ் கிடாரில் இன்னொரு வரி உயரமாகச் சேர்த்துப் போடட்டுமா என்றார். போட்டார்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்டால் ரெண்டும் தனித்தனியாகத் தெரியும், ஒன்று தாத்தா, ஒன்று பேரன். (அந்தப் பாட்டின் கடைசியில் வருகிற சாக்ஸஃபோன் ரானி ராஸ். இணைத் தயாரிப்பாளராக உட்கார்ந்திருந்த டேவிட் போவிக்குச் சின்ன வயசில் சாக்ஸஃபோன் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர்.) பாட்டை மற்றவர்கள் எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவர்கள் எடுத்ததெல்லாம் அந்த பேஸைத்தான். ஃபிளவர்ஸுக்குக் கிடைத்தது 17 பவுண்டு. 2024-ல் இறக்கிறவரை அதற்காக அவர் மூக்கைச் சிந்தியதாகத் தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டே ஒரு காரணம் சொல்வார். ரெண்டாவது பேஸை ஏன் போட்டேன் தெரியுமா? ரெண்டு வாத்தியம் வாசித்தால் சங்க ரேட்படி ரெண்டு கூலி!

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதானே பார்த்தேன். ஆளு கெட்டிக்காரன் சார். அந்தப் பாட்டு உங்ககிட்ட இருக்கா?"

போனில் போட்டு, ஹெட்போனில் ஒன்றை அவர் காதில் கொடுத்தேன். முதல் வரி பேஸ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தலையை ஆட்டினார். மணி இரண்டேகால், லஞ்ச் முடிந்து கால் மணி ஆகியிருந்தது.

"ரெண்டாவது எங்க சார் வருது?" என்றார்.